அப்பாவின் இடது கையும் ஒரு கிளட்ச் ஒயரும்

ஆண்டு மலருக்குப் படைப்புகள் வரவேற்கப்படுகின்றன என்ற அறிவிப்பைப் பலகையில் கண்டதுமே என் வகுப்பு நண்பர்கள் பலரும் கவிதை எழுத உட்கார்ந்துவிட்டார்கள். நிலவும் மழையும் தாயன்பும் இவ்வாண்டும் குறைவின்றி வந்து சேரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எனக்குக் கவிதை வராது. எனக்கு ஓரளவு தெரிந்தது எங்கள் வீட்டுப் புல்லட் மோட்டார் சைக்கிளின் கிளட்சைப் பற்றித்தான். அதுவும் சென்ற தை மாதத்தில்தான் தெரிந்தது. 'கிளட்சைப் பற்றி எழுத என்னப்பா இருக்கிறது?' என்று கேட்கும் நண்பர்களும், மலர்க்குழுப் பேராசிரியர்களும் சற்றுப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

என் அப்பா கால்நடை ஆய்வாளர். கொல்லிமலை அடிவாரத்தில், சேந்தமங்கலத்துக்கும் காரவள்ளிக்கும் இடைப்பட்ட ஊர்களில்தான் அவருடைய பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. ஊரில் யாரும் அவரை ஆய்வாளர் என்று அழைப்பதில்லை; 'மாட்டு டாக்டருங்க' தான். அவர் மிகுதியாகச் செய்யும் வேலை கறவை மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது. பெயர்தான் ஊசி. உண்மையில் இடது கையில் முழங்கையைத் தாண்டும் உறையை அணிந்து, மாட்டின் பின்புறமாகக் கையைச் செலுத்தி, குடற்சுவர் வழியாகவே கருப்பையின் கழுத்தைத் தடவிக் கண்டுபிடித்து அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். வலது கை மெல்லிய குழலை உள்ளே செலுத்தும். மாடு சும்மா நிற்குமா? முக்கும். அப்போது உள்ளே இருக்கும் கை நசுங்கும். ஆனாலும் விரல் நுனிகள் தம் உணர்வை இழக்கக் கூடாது. ஆகவே அப்பாவுக்குச் சோறு போடும் கை இடது கை என்று நான் சொன்னால் அது உயர்வு நவிற்சியன்று.

இந்த வேலைக்கு நேரம் முக்கியம். மாடு பருவத்துக்கு வந்து கத்துவது ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். காலையில் கத்தினால் மாலையில், மாலையில் கத்தினால் மறுநாள் காலையில் ஊசி போட வேண்டும் என்பது கணக்கு. தவறினால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும். இரண்டு மாடு வைத்துப் பிழைப்பவர்களுக்கு அந்த 21 நாள் தீவனச் செலவு சிறிதன்று. எனவே தொலைபேசி மணி அடித்தால் அப்பா புறப்பட்டாக வேண்டும். மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன் நிரம்பிய சிறு கலத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு, கரடும் வாய்க்கால் வரப்பும் பாராமல் அவரைச் சுமந்து செல்வது அந்தப் புல்லட்.

1986ஆம் ஆண்டு வண்டி அது. சென்னைத் திருவொற்றியூரில் செய்யப்பட்டது. பிரேக் இடது காலில், கியர் வலது காலில் இருக்கும் பழைய வகை. இன்றைய வண்டி ஓட்டிப் பழகியவர் ஏறினால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்துவிடுவார். அப்பா 1999இல் இரண்டாம் கையாக வாங்கினார். என்னைவிட மூத்த பிள்ளை என்று அம்மா அதைக் குறிப்பிடுவது வழக்கம்.

மலை மேலே உள்ள நிலையத்தில் யாரேனும் விடுப்பில் போனால் அப்பா மேலே போய்ப் பார்த்துவிட்டு வருவார். காரவள்ளியிலிருந்து மேலே போகும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் என்பது எல்லாரும் அறிந்ததே. ஒவ்வொரு வளைவிலும் கியரைக் குறைக்க ஒரு முறை, கூட்ட ஒரு முறை என்று வைத்துக்கொண்டாலும் ஏறுவதற்கு மட்டும் 140 முறை கிளட்சைப் பிடித்தாக வேண்டும். இறங்குவதற்கு வேறு. நான் சிறுவனாகப் பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்து போன நாட்களில் அப்பா அதை இரண்டே விரலால் செய்வார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் நீளும். மற்றவை கைப்பிடியிலேயே இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப் போனது எனக்கு நினைவிருக்கிறது.

நான் இக்கல்லூரியில் சேர்ந்து விடுதிக்கு வந்த பிறகு, வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சில மாற்றங்கள் கண்ணில் பட்டன. இரண்டு விரல் நான்கு விரலாயிற்று. ரயில்வே கேட்டில் நிற்கும்போது கிளட்சைப் பிடித்தபடி நில்லாமல் உடனே நியூட்ரலுக்கு வந்துவிடுவார். வேகத்தைக் குறைக்க வேண்டிய இடத்திலும் கியரை மாற்றாமல் மூன்றாவதிலேயே வண்டியை உறும வைத்து இழுத்துச் செல்வார். பிறகு மலைக்குப் போவதையே தவிர்க்கத் தொடங்கினார். இரவில் எழுந்து உட்கார்ந்து இடது கையை உதறுவதை அம்மாதான் முதலில் சொன்னார். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப் போகின்றன. சுண்டுவிரல் மட்டும் நன்றாக இருக்கிறது.

அரசு மருத்துவமனையில் காட்டினோம். மணிக்கட்டில் உள்ள குறுகிய வழியில் நரம்பு ஒன்று நெருக்குண்டிருக்கிறது என்றார் மருத்துவர். இரவில் மணிக்கட்டு மடங்காமல் பட்டை கட்டச் சொன்னார். சரியாகாவிட்டால் சிறிய அறுவை சிகிச்சை என்றார். "கையை அழுத்திப் பிடிக்கிற வேலை ஏதாவது செய்றீங்களா?" என்று அவர் கேட்டபோது அப்பா மாட்டு வேலையைச் சொன்னார். மோட்டார் சைக்கிளைச் சொல்லவில்லை. உடன் போயிருந்த எனக்கும் தோன்றவில்லை. ஆண்டுக்கணக்காக ஓட்டுகிற வண்டியை யார் சந்தேகிப்பார்கள்?

"வயசாயிருச்சு சாமி, 57 ஆச்சுல்ல" என்று அப்பாவே முடிவு கட்டிவிட்டார். கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம், புல்லட்டை விற்றுவிடலாம் என்று பேச்சு வந்தது. விற்பதைப் பற்றி அவர் வருத்தமாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுவதும் வண்டியை இரண்டு முறை கழுவினார்.

வாங்க வந்தவர் ராசிபுரத்து இளைஞர். காணும் பொங்கலன்று வந்தார். வயது 25க்கு மேல் இராது. உடற்பயிற்சி செய்த புஜங்கள். இம்மாதிரிப் பழைய புல்லட்டுகளுக்கு இப்போது நல்ல கிராக்கி. அவர் கண்களிலும் அந்த ஆசை தெரிந்தது. உதைத்தார், இரண்டாம் உதையில் கிளம்பியது. தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார். இறங்கியதும் இடது கையைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"எல்லாம் நல்லா இருக்குதுங்க சார். ஆனா கிளட்ச்தான் கல்லாட்டம் இருக்குது. இதை வச்சுக்கிட்டு டவுனுக்குள்ள எப்படிங்க ஓட்டறது?"

"பழகிட்டாச் சரியாப் போயிரும் தம்பி" என்றார் அப்பா.

"இல்லீங்க, நம்ம மாமா ஒருத்தர் இதே வண்டி வச்சிருக்காருங்க. அது இப்படி இல்லீங்க." அதைச் சொல்லியே 8,000 ரூபாய் குறைத்துவிட்டார். 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்து, அடுத்த வெள்ளிக்கிழமை மீதிப் பணத்தோடு வருவதாகச் சொல்லிப் போனார்.

அவர் பேரத்துக்காகச் சொன்னார் என்றுதான் அப்பா நினைத்தார். எனக்கு அவர் கையைப் பிசைந்தது உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் புஜங்களுக்கே கல்லாக இருக்கிற ஒன்று அப்பாவின் முதுமையால் மட்டும் கல்லாகியிருக்க முடியாதல்லவா?

மறுநாள் அப்பா பேருந்தில் வெளியூர் போயிருந்தார். நான் பழைய இரும்புக் கடையிலிருந்து ஸ்பிரிங் தராசு ஒன்றை வாங்கிவந்தேன். இயற்பியல் மாணவனுக்கு அளந்து பாராமல் எதையும் நம்பக் கூடாது என்று சொல்லித் தந்திருக்கிறார்களே! தராசின் கொக்கியைக் கிளட்ச் லிவரின் நுனியில் மாட்டி, கைப்பிடியைத் தொடும்வரை இழுத்தேன். முள் 11 கிலோவில் நின்றது. ஒரு நாளைக்கு எத்தனை நூறு முறை! அதைக் கண்ட பிறகு சிறிது நேரம் வேறொன்றும் செய்யத் தோன்றாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இங்கே கிளட்ச் என்பது என்ன என்று ஒரு சொல் சொல்லிவிடுகிறேன். எஞ்சினின் சுழற்சி கியர்பெட்டிக்குப் போகும் வழியில் வட்டத் தகடுகள் பல அடுக்கப்பட்டு, ஸ்பிரிங்குகளால் ஒன்றோடொன்று அழுத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றுவிட்ட ஒரு தகடு எஞ்சினுக்கு உரியது. மற்றவை கியர்பெட்டிக்கு உரியவை. அழுத்தம் இருக்கும்வரை எல்லாம் சேர்ந்து சுழலும். நாம் லிவரைப் பிடிக்கும்போது அந்த ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தை எதிர்த்துத் தகடுகளைப் பிரிக்கிறோம். பழைய புல்லட்டில் ஒரு வேடிக்கை உண்டு. கிளட்ச் இருப்பது வண்டியின் இடப்பக்கம். ஒயர் போய்ச் சேர்வதோ வலப்பக்கம். இடது கைப்பிடியில் புறப்பட்டு, வண்டியின் கழுத்தைக் கடந்து, டேங்குக்கு அடியில் புகுந்து, வலப்பக்கம் இறங்கிக் கியர்பெட்டியில் உள்ள ஒரு சிறு கையை இழுக்கிறது. அந்தக் கை, நடுவில் துளையுள்ள கியர் தண்டின் வழியாக ஒரு மெல்லிய எஃகுக் கம்பியைத் தள்ள, அக்கம்பி மறுபக்கம் போய்த் தகடுகளைப் பிரிக்கிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதுதான்.

ஆகவே கிளட்ச் இறுகினால் குற்றவாளி மூன்று இடத்தில் இருக்கலாம்: கைப்பிடியில், ஒயரில், அல்லது உள்ளே. எதுவென்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டு, கியர்பெட்டிப் பக்கம் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். இப்போது லிவரின் மறுமுனையில் எதுவும் இல்லை. இழுத்தால் காற்றாக வர வேண்டும். அப்படி வந்தால் ஒயர் நல்லது, கோளாறு உள்ளே. வராவிட்டால் உள்ளே தேட வேண்டியதே இல்லை.

நான் கழற்றிவிட்டு இழுத்தேன். வரவில்லை. மறுமுனை வெறுமனே தொங்குகிறது. ஆயினும் நான்கு விரலையும் போட்டு இழுக்க வேண்டியிருந்தது. விட்டபோது லிவர் திரும்பி வராமல் அங்கேயே நின்றது. அப்பா இரண்டாண்டுகளாக மல்லுக்கட்டியது பாதிக்கு மேல் ஒன்றுமில்லாத ஒன்றோடு.

ஒயரை மீண்டும் மாட்டி வண்டியை நாமக்கல்லுக்கு ஓட்டிப் போனேன். லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே ஒரு பாய் பழைய புல்லட்டுகளை மட்டும் பார்க்கிறார். கடை என்று சொல்ல ஒரு வேப்பமரமும் தகரக் கூரையும்தான். அவர் லிவரை ஒரு முறை பிடித்தார். பிறகு ஹேண்டில்பாரை இடமும் வலமும் திருப்பிப் பிடித்தார். வலப்பக்கம் திருப்பியபோது இன்னும் இறுகியது. "ஹேண்டில் திருப்பினா மாறுதுல்ல தம்பி, அப்ப ஒயர்தான் எங்கேயோ மாட்டுது" என்றார். நான் தராசும் கையுமாகக் கண்டுபிடித்ததை அவர் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார்!

டேங்கைக் கழற்றினார். கழற்றிவிட்டு என்னை அருகே கூப்பிட்டுக் காட்டினார். ஒயரின் மேலுறை டேங்குக்கும் சட்டத்துக்கும் நடுவே சிக்கித் தட்டையாகி, பாம்பின் மேல் சக்கரம் ஏறியது போல் கிடந்தது. போக வேண்டிய பக்கம் போகாமல் கழுத்தின் மறுபக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்திருந்தது. போதாக்குறைக்கு, தொங்கக் கூடாது என்று நான்கு இடத்தில் பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. ஒவ்வொரு கட்டிலும் ஒரு மடிப்பு. உள் ஒயரை உருவினார். துரு. லிவர் பக்கத்தில் மூன்று இழைகள் அறுந்து முள்ளாக நின்றன.

"டேங்கைக் கழட்டி மாட்டினது யாரு தம்பி? வேலை தெரியாத பய."

அந்தப் பயல் நான்தான்.

2022 கோடையில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்திருந்த நேரம். அப்பாவுக்குத் தெரியாமல் ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. அவர் பயிற்சி வகுப்புக்காக ஒரு வாரம் வெளியூர் போயிருந்தபோது, நண்பன் ஒருவனோடு சேர்ந்து டேங்கைக் கழற்றிக் கொண்டுபோய்க் கறுப்பு வண்ணம் அடித்து, இருபுறமும் கையால் இழுத்த பொன்னிறக் கோடும் போட்டுவந்தேன். மாட்டும்போது ஒயர் எந்தப் பக்கம் இருந்தது என்று இருவருக்கும் மறந்துவிட்டது. ஒரு பக்கம் விட்டோம்; எட்டியது; போதும் என்று போல்ட்டை முறுக்கினோம். வெளியே வளைந்து தொங்கிய பகுதி அழகைக் கெடுக்கிறது என்று டேக் போட்டுக் கட்டியது முழுக்க முழுக்க என் யோசனை. தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். கிளட்ச் கனமாகத்தான் இருந்தது. புல்லட் என்றால் அப்படித்தான் இருக்கும் போலும் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா வந்து பார்த்ததும் அந்தப் பொன்கோட்டின் மேல் விரலை வைத்து முன்னிருந்து பின்வரை மெதுவாகத் தடவினார். இடது கையின் விரல்தான்.

பாயிடம் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். மேற்கொண்டு கேட்கவில்லை.

புது ஒயர் போடுவதற்கு முன் அவர் செய்ததைச் சொல்ல வேண்டும், ஏனெனில் இது எந்த மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும். புது ஒயரை ஆணியில் செங்குத்தாகத் தொங்கவிட்டார். மேல் முனையில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைப் புனல் போல் மாட்டி நூலால் கட்டினார். அதில் மெல்லிய எண்ணெயை ஊற்றிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். எண்ணெய் தானே உள்ளே இறங்கிக் கீழ்முனையில் சொட்டும்வரை காத்திருக்க வேண்டும். இரவு முழுதும் விட்டால் இன்னும் நல்லது என்றார். இக்காலத்தில் உள்ளே வழுவழுப்பான பிளாஸ்டிக் உறையோடு வரும் ஒயர்களுக்கு இந்த வைத்தியம் தேவையில்லையாம். அவற்றில் கெட்டியான கிரீஸை அடைத்தால் தூசி சேர்ந்து இறுகிப்போகும்.

காத்திருந்த நேரத்தில், இறுகிய கிளட்சோடு வந்த மற்ற வண்டிகளின் கதைகளைச் சொன்னார். தகடு தேய்ந்து கிளட்ச் வழுக்கினால் தகட்டை மாற்றாமல் ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போட்டு இறுக்குவோர் உண்டு. வழுக்கல் சில நாள் நிற்கும், கை போய்விடும். ஹேண்டில்பாரை உயரமாக மாற்றிவிட்டுப் பழைய ஒயரையே இழுத்து மாட்டுவோர் உண்டு. பளபளப்புக்காக வேறு வண்டியின் லிவரைப் போடுவோர் உண்டு. லிவரின் ஆணிக்கும் ஒயரின் குண்டு மாட்டும் இடத்துக்கும் உள்ள தூரம் சில மில்லிமீட்டர் கூடினாலே கனம் தெரியும். நாம் எட்டாம் வகுப்பில் படித்த நெம்புகோல்தான், ஆனால் கடைக்காரர் அதை அளந்தா விற்கிறார்? லிவரின் ஆணியில் ஒரு சொட்டு எண்ணெய் விடாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டுவோரோ எண்ணற்றோர். எங்கள் வண்டியிலும் அந்த ஆணி வறண்டுதான் கிடந்தது. கியர்பெட்டியின் கையும் உள்ளே போகும் கம்பியும் நன்றாகவே இருந்தன. துடைத்துக் கிரீஸ் தடவி மாட்டினார்.

புது ஒயரைக் கழுத்தின் சரியான பக்கமாக, பெரிய வளைவாக விட்டார். டேங்கை மாட்டிய பிறகு ஹேண்டிலை இருபுறமும் முழுக்கத் திருப்பி எங்கும் இழுபடவில்லை என்று பார்த்தார். லிவருக்கும் அதன் பிடிப்புக்கும் நடுவே ஓர் ஐந்து ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்குத் தளர்ச்சி வைத்தார். ஏறக்குறைய 2, 3 மில்லிமீட்டர். அந்தத் தளர்ச்சி இல்லாவிட்டால் கம்பி எப்போதும் தகடுகளை அழுத்திக்கொண்டே இருந்து சூடேறி முனை கெட்டுவிடும். ஒயர், கூலி எல்லாம் சேர்த்து 700 ரூபாய் ஆயிற்று. டேக் போட்டுக் கட்டட்டுமா என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து தராசை மாட்டினேன். ஐந்தரைக் கிலோ. சரிபாதி.

விடுமுறை முடிந்து கல்லூரிக்கு வந்தபின் இதை எங்கள் இயற்பியல் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் சுண்ணக்கட்டியை எடுத்தார். 18ஆம் நூற்றாண்டின் கணித மேதை ஆய்லர் ஆராய்ந்த கணக்கு இது. ஒரு கயிறு ஒரு தூணைச் சுற்றிச் செல்லும்போது, உராய்வெண்ணையும் சுற்றிய மொத்தக் கோணத்தையும் பெருக்கி, அதை 2.718 என்ற எண்ணுக்கு அடுக்காக வைத்தால் வரும் மடங்கில் இழுவை வேறுபடும். வளைவு பெரியதா சிறியதா என்பதன்று. மொத்தம் எத்தனை பாகை திரும்புகிறது என்பதே கணக்கு. எனக்கு உடனே அப்பாவின் நினைவு வந்தது. சிறுவயதில் முரட்டு மாடுகளுக்கு ஊசி போடும்போது கயிற்றை வேப்பமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை என் கையில் கொடுத்துவிடுவார். பெரியவர்கள் இருவர் பிடிக்க முடியாத மாட்டை நான் ஒருவனே நிறுத்தி வைப்பேன். என் பலம் என்று பெருமைப்பட்டதும் உண்டு. உராய்வெண் 0.3 என்று கொண்டால் இரண்டு சுற்றுக்கு ஏறத்தாழ 43 மடங்கு! மரத்தில் எனக்கு உதவிய அதே கணக்கு, ஒயரில் அப்பாவின் கைக்கு எதிராக வேலை செய்திருக்கிறது. சரியான பாதையில் ஒயர் ஏறக்குறைய 200 பாகை திரும்புகிறது, உராய்வெண் 0.15 என்றால் 1.7 மடங்கு. என் பாதையில் சுமார் 360 பாகை, துருவுக்காக 0.2 என்று வைத்தால் மூன்றரை மடங்கு. தராசு காட்டிய இரட்டிப்புக்கு இது ஒத்து வருகிறது. டேங்கின் அடியில் நசுங்கியதை இக்கணக்கில் சேர்க்கவில்லை என்பதால் இதைப் பெரிதாகப் பாராட்ட வேண்டாம் என்று பேராசிரியர் எச்சரித்தார்.

கணக்குக் கிடக்கட்டும். நாமக்கல்லிலிருந்து நான் திரும்பிய அந்த மாலைக்கு வருகிறேன்.

அப்பா பேருந்திலிருந்து இறங்கி வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் தொலைபேசி அடித்தது. காரவள்ளிப் பக்கம் ஒரு மாடு காலையிலிருந்து கத்துகிறதாம். கலத்தைக் கட்டினார், உதைத்தார். வழக்கம்போல் நான்கு விரலையும் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கிளட்சைப் பிடித்தார். லிவர் பொட்டென்று கைப்பிடியில் மோதியது. படியில் கால் வைத்து இல்லாத படிக்கு ஏறியவர் போல் ஒரு கணம் விழித்தார். விட்டார். மறுபடி பிடித்தார். பிறகு இரண்டு விரலால் பிடித்தார்.

நான் அருகே போய் எல்லாவற்றையும் சொன்னேன். தராசு, பாய், தட்டையான ஒயர், டேக், வேலை தெரியாத பயல் என்று அவர் சொன்னது வரை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது, அம்மாவும் கேட்டுவிட்டார். அப்பா எஞ்சினை நிறுத்தினார்.

"டேங்கு மாட்டின அன்னைக்கே கொஞ்சம் இறுக்கமாத்தான் இருந்துது சாமி. ஆசையா மாட்டி வச்சிருந்தே. சொன்னா மறுக்காக் கழட்டுவே, கோடு கீறிப்போயிரும்னு உட்டுட்டேன். நாள் ஆக ஆக அது எனக்கே மறந்து போச்சு. கைதான் போயிருச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்."

நான் என்ன பதில் சொல்வது? "மாடு கத்துதுங்கப்பா, கிளம்புங்க" என்றேன். போனார். தெருமுனையில் கியர் மாற்றும் ஓசை எனக்குக் கேட்டது, மூன்றாவதிலிருந்து இரண்டாவதற்கு.

கை முழுதும் குணமாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். இல்லை. உதறி எழுவது வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் என்று குறைந்திருக்கிறது. பட்டை இன்னும் கட்டுகிறார். எவ்வளவு கிளட்சால் வந்தது, எவ்வளவு முப்பதாண்டு மாட்டு வேலையால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்கிறார் மருத்துவர். கோடை விடுமுறையில் அறுவை சிகிச்சை பற்றிப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். அப்போது நான் வீட்டில் இருப்பேன். மலைக்கு மட்டும் ஒரு முறை போய்வந்துவிட்டார். வளைவுகளை எண்ணினீர்களா என்று கேட்டேன். அதற்கெல்லாம் நேரமில்லை என்றார்.

வெள்ளிக்கிழமை ராசிபுரத்து இளைஞர் மீதிப் பணத்தோடு வந்து சேர்ந்தார். வண்டி விற்பதற்கில்லை என்று சொல்லி அப்பா முன்பணத்தை எண்ணிக் கொடுத்தார். வந்தவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தோம். அவர் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியருகே போய், போகிற போக்கில் கிளட்சை ஒரு முறை பிடித்துப் பார்த்தார். மறுபடியும் பிடித்துப் பார்த்தார்.

"ஏனுங்க சார், அன்னைக்கே இப்படி இருந்திருந்தா நான் பேரமே பேசியிருக்க மாட்டேனுங்களே!" என்றார்.

அம்மா உள்ளே காபி போடப் போனார்.